இணையக் குழுவில் தேர்தல்: வாக்காளர் பட்டியல் தயாரிப்பதும் ஓய்வில் இருக்கும் உறுப்பினர்களைக் கையாள்வதும் – முழுமையான வழிகாட்டி

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ தொடங்கி, சில நூறு பேராக வளர்ந்து, இப்போது ஒருங்கிணைப்பாளர்களைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட குழுக்களுக்கானது இந்த வழிகாட்டி. ஏரி தூய்மைப் பணி, பறவை நோக்கல், கட்டற்ற மென்பொருள், பள்ளி முன்னாள் மாணவர், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று சென்னையில் இப்படிப்பட்ட குழுக்களுக்குக் குறைவே இல்லை.

இந்தத் தேர்தல்களில் சண்டை பெரும்பாலும் ஓட்டு எண்ணும்போது வருவதில்லை. "என் பேர் ஏன் லிஸ்டில் இல்லை?" என்பதில்தான் வருகிறது. ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக ஒன்று: யார் யார் போட்டியிடுகிறார்கள் என்று தெரியவரும் முன்பே பட்டியல் வேலை முழுவதும் முடிந்து, பட்டியல் பூட்டப்பட்டிருக்க வேண்டும். வேட்பாளர் பெயர் தெரிந்த பிறகு எந்தப் பெயரை நீக்கினாலும் சேர்த்தாலும், நீங்கள் எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும், அது ஒரு பக்கத்துக்குச் சாதகமாகத்தான் தெரியும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தேர்தல் பொறுப்பாளர்கள் இரண்டு பேர். இருவரும் போட்டியிடப் போவதில்லை என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். குழு அட்மினே தேர்தலையும் நடத்தினால் வேலை சுலபம்தான், ஆனால் ஆட்சேபணை வந்தால் விசாரிக்க ஆள் இருக்காது.

தேர்தலுக்கென்றே ஒரு புதிய மின்னஞ்சல் முகவரி. தனிப்பட்ட முகவரியில் தொடங்கினால் அடுத்த ஆண்டு அந்த ஆள் குழுவில் இருக்கமாட்டார், கடிதப் போக்குவரத்தும் அவரோடு போய்விடும்.

குழுவின் விதிமுறை நகல். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்த சங்கம் என்றால், வாக்குரிமை யாருக்கு என்பதை உங்கள் பதிவான துணைவிதிகள்தான் தீர்மானிக்கும். "ஓராண்டு வராதவருக்கு ஓட்டு இல்லை" என்பது துணைவிதியில் இல்லாவிட்டால், அட்மின்கள் கூடிப் பேசி அதைச் சேர்த்துவிட முடியாது. பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு செய்யாத குழுக்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. ஆனால் விதியை எழுத்தில் வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கும் உண்டு.

2. தகுதி விதியை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்

விதியில் இரண்டு தேதிகள் இருக்க வேண்டும். புதியவர்கள் இங்கேதான் முதலில் இடறுகிறார்கள். ஒரே தேதியை வைத்து இரண்டு வேலையையும் முடிக்கப் பார்க்கிறார்கள்.

முதல் தேதி, தகுதி நாள். அந்த நாளுக்குள் குழுவில் சேர்ந்திருந்தால்தான் ஓட்டு. கடைசி வாரத்தில் ஒருவர் தன் நண்பர்கள் நாற்பது பேரைக் கூட்டிவந்து சேர்ப்பதைத் தடுப்பது இதுதான். எனவே தகுதி நாள் வாக்குப்பதிவுக்குக் குறைந்தது 60 நாள் முன்னதாக இருக்கட்டும்.

இரண்டாவது தேதி, உறுதிசெய்யும் கடைசி நாள். ஏற்கெனவே உறுப்பினராக இருந்து ஓய்வில் போனவர்கள் (நீண்ட நாளாகச் செயல்படாதவர்கள்), "நான் இருக்கிறேன்" என்று சொல்லித் திரும்பி வருவதற்கானது. இதைத் தகுதி நாளோடு சேர்த்துக் கட்டிவிட்டால், ஐந்து வருடமாகக் குழுவில் இருந்தவர், போன வாரம் சேர்ந்தவரைப் போல வெளியே நிற்பார்.

எத்தனை மாதம் செயல்படாவிட்டால் ஓய்வு? மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது உதவும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் அறங்காவலர் தேர்தல்களில் 300 தொகுப்புகள் (திருத்தங்கள்) செய்திருக்க வேண்டும், அண்மை மாதங்களில் 20 செய்திருக்க வேண்டும் என்பதுபோல எண்ணிக்கை வைக்கிறார்கள். பைத்தான் நிரல்மொழியின் மைய உருவாக்குநர்களில், இரண்டு ஆண்டு எதுவும் பங்களிக்காதவரிடம் ஓய்வு நிலைக்குப் போகச் சொல்லிக் கேட்கிறார்கள். பதில் வராவிட்டால் மாற்றிவிடுகிறார்கள். அங்கெல்லாம் ஒவ்வொரு செயலும் கணினியில் தானாகப் பதிவாகிறது. நம் குழுக்களில் அப்படி இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்றால் 12 மாதம் வைப்பது போதும், விளக்குவதும் எளிது.

குறைந்தபட்ச வாக்குப்பதிவையும் இங்கேயே எழுதிவிடுங்கள். "மொத்த உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கு" என்று எழுதிவிட்டு, 600 பேர் குழுவில் 200 ஓட்டு கிடைக்காமல் தவிக்கும் குழுக்கள் பல. "இறுதி வாக்காளர் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு" என்று மாற்றினால் பட்டியலில் 240 பேர் இருக்கும்போது 80 ஓட்டு போதும். டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தில் இன்னொரு வழி: உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி, அதைப்போல மூன்று மடங்கு. 900 பேர் என்றால் வர்க்கமூலம் 30, பாதி 15, மூன்று மடங்கு 45. குழு பெருக்கப் பெருக்க வரம்பு மெல்லத்தான் ஏறும். பெரிய குழுக்களுக்கு இதுவே நல்லது.

3. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மார்ச் 1 முதல் 7 வரை வாக்குப்பதிவு என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். டிசம்பர் 15-க்குள் விதி அறிவிப்பு. டிசம்பர் 31 தகுதி நாள். ஜனவரி 5 முதல் அறிவிப்பு, 20 இரண்டாவது அறிவிப்பு, 31 உறுதிசெய்யும் கடைசி நாள். பிப்ரவரி 2 வரைவுப் பட்டியல், 9 வரை உரிமை கோரலும் ஆட்சேபணையும், 12 இறுதிப் பட்டியல். வேட்புமனு பிப்ரவரி 13-இல்தான் திறக்கும்.

சென்னையில் எந்தக் கடைசி நாளையும் நவம்பர் பிற்பகுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வைக்காதீர்கள். 2015-இலும் 2023-இலும் டிசம்பர் முதல் வாரத்தில்தான் வெள்ளம் வந்து, பல இடங்களில் மின்சாரமும் நெட்வொர்க்கும் நாள்கணக்கில் இல்லாமல் போயின. பொங்கல் வாரத்தில் பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள். மேலே இரண்டாவது அறிவிப்பு 20-ஆம் தேதி இருப்பதன் காரணம் அதுதான்.

நேரம் எழுதும்போது "நள்ளிரவு 12 மணி" என்று எழுதவே கூடாது. எந்த நாளின் நள்ளிரவு என்று ஒரு தகராறு நிச்சயம் வரும். "31-ஆம் தேதி இரவு 11:59, இந்திய நேரம்" என்று எழுதுங்கள். துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு சொல் முக்கியம்.

4. சிதறிக் கிடக்கும் பட்டியல்களை ஒரே ஷீட்டில் சேர்த்தல்

பெரும்பாலான குழுக்களில் உறுப்பினர் பட்டியல் என்று ஒன்று இருக்காது. வாட்ஸ்அப் குழு ஒன்று, சேரும்போது நிரப்பிய கூகுள் படிவம் ஒன்று, நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்களின் கையெழுத்துத் தாள்கள், சந்தா கட்டியவர்களின் கணக்கு என்று நாலு இடத்தில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்தி (நெடுவரிசை) வையுங்கள்.

ஒட்டும் முன் கைபேசி எண் வரும் பத்தியை வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் எக்செல் அதை ஒரு பெரிய எண்ணாக நினைத்து 9.19E+11 என்று சுருக்கிக் காட்டும். முன்னால் உள்ள பூஜ்ஜியமும் கூட்டல் குறியும் காணாமல் போகும். பிறகு எல்லா எண்களிலும் இடைவெளி, கோடு, முன்னொட்டு ஆகியவற்றை எடுத்துவிட்டுக் கடைசி 10 இலக்கத்தை மட்டும் வைக்கவும். வெளிநாட்டு எண்களைத் தனிப் பத்தியில் முழுதாக வையுங்கள்.

ஷீட்டை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து) கோப்பாக இறக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தமிழில் எழுதிய பெயர்கள் கேள்விக்குறி வரிசையாக மாறும். அது தேர்தல் நாள் காலையில்தான் கண்ணில் படும்.

டெலிகிராம் குழு என்றால் யூசர்நேமை அடையாளமாக எடுக்காதீர்கள், அதை யாரும் எப்போதும் மாற்றலாம். மாறாதது உள்ளே இருக்கும் கணக்கு எண்தான்.

கடைசியாக ஒவ்வொருவருக்கும் ஓர் உறுப்பினர் எண் கொடுங்கள். இனி எந்த வரியையும் அழிக்கக் கூடாது. "நிலை" என்று ஒரு பத்தி வைத்து அதில் மட்டும் மாற்றுங்கள்: செயலில், ஓய்வில், தொடர்பு இல்லை, விலகினார், மறைந்தார், இரட்டைப் பதிவு. அழித்த வரியைப் பற்றி யாராவது கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. நிலை மாறிய வரிக்குத் தேதியும் காரணமும் இருக்கும்.

5. இரட்டைப் பதிவுகள்: பெயரை நம்பாதீர்கள்

நம் ஊரில் பெயரை வைத்துப் பொருத்துவது நடக்காத காரியம். ஆர். கார்த்திக், கார்த்திக் ஆர்., ர. கார்த்திக், கார்த்திகேயன் ராமசாமி நால்வரும் ஒருவராக இருக்கலாம், நாலு பேராகவும் இருக்கலாம். இனிஷியல் முன்னால் ஒரு படிவத்தில், பின்னால் ஒன்றில். வங்கிக் கணக்கில் இருப்பது மட்டும் அப்பா பெயரோடு முழுதாக. திருமணத்துக்குப் பின் இனிஷியல் மாற்றிய பெண்கள், மாற்றாத பெண்கள், வாட்ஸ்அப்பில் குழந்தையின் பெயரை வைத்திருப்பவர்கள் வேறு.

எனவே முதலில் கைபேசி எண், பிறகு மின்னஞ்சல், கடைசியில்தான் பெயர். மின்னஞ்சலை எல்லாம் சிறிய எழுத்துக்கு மாற்றி, முன்பின் இடைவெளியை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஜிமெயில் முகவரிகளில் நடுவே வரும் புள்ளிகளை கூகுள் கணக்கில் எடுப்பதில்லை. கூட்டல் குறிக்குப் பின் வருவதும் அப்படியே. புள்ளி வைத்த முகவரியும் வைக்காத முகவரியும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஷீட்டுக்கு இது தெரியாது. அதனால் ஒப்பிடுவதற்கென்று தனிப் பத்தி போட்டு, அதில் புள்ளிகளை எடுத்துவிடுங்கள். அசல் முகவரியைத் தொடாதீர்கள்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. கணவன் மனைவி இருவரும் உறுப்பினர், மின்னஞ்சல் ஒன்றே. அல்லது 70 வயது உறுப்பினர், தொடர்பு எண்ணோ மகனுடையது. எண் ஒன்று என்பதற்காக ஒருவரை இரட்டைப் பதிவு என்று தள்ளிவிட்டால் நியாயமான ஓட்டு ஒன்று போகும். இப்படிப்பட்ட வரிகளைத் தானியங்கியாகத் தீர்க்காமல், அவர்களை அழைத்து, ஆளுக்கு ஒரு மின்னஞ்சல் வாங்குங்கள். வாக்குச் சீட்டு மின்னஞ்சலுக்குத்தான் போகப்போகிறது என்று சொன்னால் தந்துவிடுவார்கள்.

6. யார் ஓய்வில் இருக்கிறார் என்று முடிவு செய்தல்

அதிகம் தவறு நடப்பது இங்கே. குழுவில் எத்தனை செய்தி போட்டார் என்று எண்ணி, போடாதவர்களை ஓய்வில் தள்ளுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதைச் செய்யாதீர்கள். தினமும் காலை வணக்கப் படம் போடுபவர் முதலிடத்தில் வருவார். பள்ளிக்கரணையில் ஒவ்வொரு தூய்மைப் பணிக்கும் வந்து, கையுறையைக் கழுவி வைத்துவிட்டு ஒரு வார்த்தை எழுதாமல் போகிறவர் பட்டியலில் இருக்கமாட்டார்.

கடந்த 12 மாதத்தில் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் செயலில் என்று வையுங்கள்: நிகழ்ச்சிக்கு வந்திருப்பது, ஒப்புக்கொண்ட வேலை ஒன்றைச் செய்திருப்பது, சந்தா கட்டியிருப்பது, குழுவில் விவாதத்தில் பங்கெடுத்திருப்பது, அல்லது தேர்தல் அறிவிப்புக்கு "தொடர்கிறேன்" என்று பதில் அனுப்பியிருப்பது.

கடைசியது ரொம்பத் தளர்வாக இருக்கிறது, ஒன்றும் செய்யாதவர் ஒரு பதில் அனுப்பி ஓட்டு வாங்கிவிடலாமா என்று கேட்பார்கள். வாங்கட்டும். இந்தச் சலித்தெடுப்பு யார் நல்ல உறுப்பினர் என்று மார்க் போடுவதற்கல்ல. அந்த முகவரியில் இன்னும் அதே மனிதர் இருக்கிறாரா என்று அறிவதற்குத்தான். கடுமை வேண்டுமென்றால் அதை வேட்பாளர் தகுதியில் வையுங்கள்.

அதே மனிதரா என்ற கேள்வி சும்மா கேட்பதல்ல. துண்டிக்கப்பட்ட கைபேசி எண்ணை 90 நாளுக்குப் பின் வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் இந்தியாவில் நடைமுறை. வாட்ஸ்அப் பொதுவாக 120 நாள் பயன்படாத கணக்கை நீக்கிவிடுகிறது. இரண்டு ஆண்டு திறக்காத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது கூகுளின் விதி. இரண்டு வருடம் மௌனமாக இருக்கும் எண்ணுக்கு வாக்குச் சீட்டு லிங்க் அனுப்பினால், அதைப் பெறுபவர் உங்கள் குழுவைக் கேள்விப்பட்டே இராதவராக இருக்கலாம்.

மறைந்தவர்களைத் தனியே கையாளுங்கள். வாக்குச்சாவடிகளில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று தனிப் பட்டியல் வைத்திருப்பார்கள் அல்லவா, அதுபோல. யாராவது சொன்னதும் ஷீட்டில் குறித்து, அந்த முகவரியை எல்லா அனுப்புதல்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள். "நீங்கள் நீண்ட நாளாகச் செயல்படவில்லை" என்ற மின்னஞ்சல் அவர் வீட்டாருக்குப் போகக் கூடாது.

7. அறிவிப்பு: ஒரே வழியை நம்பாதீர்கள்

ஓய்வில் என்று தெரியும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று முயற்சி, இரண்டு வெவ்வேறு வழிகளில். குழுவில் பொதுவாக ஒரு செய்தி போட்டால் போதாது. குழுவை மியூட்டில் போட்டவர்கள்தான் இந்தப் பட்டியலில் இருப்பவர்களே.

மின்னஞ்சல்: சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. 600 பேர் என்றால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். எல்லா முகவரியையும் பிசிசி-யில் (மற்றவர்களுக்குத் தெரியாத நகல் வரியில்) போடுங்கள், மறந்து மேல் வரியில் போட்டால் எல்லோருடைய முகவரியும் எல்லோரிடமும் போய்விடும். திரும்பி வரும் அஞ்சல்களைப் படியுங்கள். "முகவரி இல்லை" என்றால் தொடர்பு அறுந்தது. "பெட்டி நிரம்பியது" என்றால் கணக்கு இன்னும் இருக்கிறது, ஜிமெயிலின் இலவச 15 ஜிபி-யைப் புகைப்படங்கள் அடைத்திருக்கலாம். அவரைக் கைபேசியில் பிடியுங்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்: ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். தேர்தலுக்கென்று புது எண் வாங்கி அதிலிருந்து அனுப்பினால் ஏறக்குறைய யாருக்கும் போகாது. ஒரே செய்தியை நூறு பேருக்குத் தனித்தனியாகப் புது எண்ணிலிருந்து ஒட்டினாலோ கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

அழைப்பு: மிஞ்சியவர்களுக்கு மட்டும். ஒரு தன்னார்வலருக்கு 30 எண்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். அழைக்கும் முன் "இன்ன குழுவிலிருந்து மாலை அழைக்கிறோம்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். கடன் வேண்டுமா என்று வரும் அழைப்புகளால் தெரியாத எண்ணை இன்று யாரும் எடுப்பதில்லை. இரண்டு வெவ்வேறு நாளில் முயன்றதைத் தேதியோடு ஷீட்டில் குறிக்கவும்.

செய்தியின் வாசகம் சுருக்கமாக, மிரட்டல் இல்லாமல் இருக்கட்டும். இது போதும்: "வணக்கம். குழுவின் வாக்காளர் பட்டியலைப் புதுப்பிக்கிறோம். கடந்த ஓராண்டில் உங்கள் பங்கேற்பு எங்கள் பதிவில் இல்லை. ஜனவரி 31 இரவு 11:59 (இந்திய நேரம்) வரை 'தொடர்கிறேன்' என்று பதில் அனுப்பினால் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கும். அனுப்பாவிட்டாலும் நீங்கள் உறுப்பினர்தான்; இந்தத் தேர்தலில் மட்டும் வாக்களிக்க இயலாது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் தன்னைக் குழுவிலிருந்து தூக்குகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பத்துப் பேராவது வெளியேறிவிடுவார்கள்.

8. வரைவுப் பட்டியலும் ஆட்சேபணையும்

வரைவில் உறுப்பினர் எண், பெயர், சேர்ந்த ஆண்டு, கைபேசியின் கடைசி மூன்று இலக்கம் மட்டும். ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிய இது போதும். முழு எண்ணையும் மின்னஞ்சலையும் குழுவில் போடாதீர்கள். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, அந்தக் கோப்பு மறுநாளே ஒரு ரியல் எஸ்டேட் ஏஜெண்ட் கையில் இருக்கும்.

ஓய்வில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலைப் பொதுவில் வெளியிட வேண்டாம். உங்கள் பெயர் வரைவில் இல்லையென்றால் எழுதுங்கள் என்று சொன்னால் போதும்.

ஆட்சேபணை தேர்தல் முகவரிக்கு மின்னஞ்சலாக மட்டும் வர வேண்டும். குழுவில் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் இல்லை. 48 மணி நேரத்துக்குள் பொறுப்பாளர் இருவரும் சேர்ந்து முடிவு சொல்லி, காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். இருவருக்கும் கருத்து வேறுபட்டால் பெயரைப் பட்டியலில் வைத்துவிடுங்கள். தகுதியில்லாத ஒருவர் ஓட்டுப் போடுவதைவிட, தகுதியுள்ள ஒருவர் வெளியே நிற்பதுதான் குழுவை அதிகம் உடைக்கும்.

9. பட்டியலைப் பூட்டுதல்

இறுதிப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, அதன் ஷா-256 சரிபார்ப்புக் குறியைக் கணக்கிட்டுக் குழுவில் வெளியிடுங்கள். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் குறி முழுதும் மாறிவிடும். பின்னாளில் "இடையில் பெயர் சேர்த்தீர்கள்" என்று யாராவது சொன்னால், கோப்பையும் குறியையும் ஒப்பிட்டுக் காட்டிவிடலாம். கூகுள் ஷீட்டில் திருத்தும் அனுமதியையும் அன்றே எடுத்துவிடுங்கள்.

இதற்குப் பின் அனுமதிக்கத் தக்க ஒரே மாற்றம் மின்னஞ்சல் எழுத்துப் பிழைத் திருத்தம். அதையும் தனித் தாளில் குறித்துவைக்கவும்.

10. வாக்குச் சீட்டு அனுப்புதல்

கூகுள் படிவம் இதற்குப் பொருந்தாது. மின்னஞ்சலைச் சேகரித்தால் யார் யாருக்குப் போட்டார் என்று தெரிந்துவிடும். சேகரிக்காமல் "ஒருவருக்கு ஒரு பதில்" என்று வைத்தால், இரண்டு ஜிமெயில் வைத்திருப்பவர் இரண்டு ஓட்டுப் போடுவார். லிங்க் வெளியே போனால் பட்டியலில் இல்லாதவரும் போடுவார்.

ஹீலியோஸ் போன்ற வாக்குப்பதிவுத் தளங்களில் உங்கள் சிஎஸ்வி-யை ஏற்றினால் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் போகும். தன் ஓட்டு எண்ணிக்கையில் சேர்ந்ததா என்று வாக்காளரே சரிபார்க்கலாம், யாருக்குப் போட்டார் என்பது வெளியே தெரியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிவிஸ் தளத்தில் விருப்ப வரிசையில் வாக்களிக்கலாம்; ஆனால் வாக்காளர்கள் தங்கள் மின்னஞ்சலை அங்கே ஒருமுறை செயல்படுத்தியிருக்க வேண்டும். அதை வரைவுப் பட்டியல் நாளிலேயே சொல்லிவிடுங்கள், வாக்குப்பதிவு நாளில் சொன்னால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

மூன்று நாள் முன்பு பத்துப் பேரை வைத்துப் ஒத்திகைத் தேர்தல் ஒன்று நடத்திப் பாருங்கள். ஜிமெயில், யாஹூ, அலுவலக முகவரி மூன்றும் அதில் இருக்க வேண்டும். அலுவலக முகவரிகளில் லிங்க் வடிகட்டப்படுவது அடிக்கடி நடக்கும்.

11. தேர்தல் முடிந்த பின்

முடிவு அறிவித்து 30 நாள் முறையீட்டுக் காலம். அதுவரை எல்லாக் கோப்பையும் வைத்திருங்கள். பிறகு இறுதிப் பட்டியல், ஆட்சேபணை முடிவுகள் ஆகிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அழைப்புக்காகப் பிரித்துக் கொடுத்த எண் பட்டியல்களைத் தன்னார்வலர்களின் கைபேசியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள்.

ஓய்வில் இருப்பவர் திரும்பி வந்தால் விண்ணப்பம், சிபாரிசு என்று எதுவும் கேட்காதீர்கள். ஒரு பதில் வந்தால் அன்றே நிலையை மாற்றுங்கள். அடுத்த தேர்தலில் ஓட்டு தானாக வரும்.

அடுத்த ஆண்டு இந்த வேலை பாதியாகக் குறைய ஒரு வழி: நிகழ்ச்சிக்கு வந்தவர்களின் பட்டியலை அன்று மாலையே உறுப்பினர் எண்ணோடு ஷீட்டில் ஏற்றுங்கள். கையெழுத்துத் தாளின் புகைப்படம் ஒருவர் கைபேசியில் பதினோரு மாதம் கிடந்தால், டிசம்பரில் அதைத் தேட அந்தக் கைபேசியே இருக்காது.